பச்சை மரத்து மத்து

அன்று மதியம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்றால், முதலில் என் மனைவி. கூடத்தில் ஜன்னல் பக்கம், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது என் மகள். கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அன்று லீவு. அடுத்தது என் மச்சினன், மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவான். கடைசியாக நான். சமைத்தவன்.

வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை சில ஞாயிறு வந்து சாப்பிடும். அன்று வரவில்லை. அதை நினைத்துப் பிறகு பல தடவை கும்பிட்டுக்கொண்டேன்.

நாலு பேரும் சாப்பிட்டது ஒரே பருப்புக் கீரை. ஒரே சட்டி. கடைந்தது ஒரே மத்து.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு மத்தைக் கழுவினேன். விரலில் ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கீரை மத்தின் தலையில் சுற்றிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதில் ஒரு பல்லின் முனை இல்லை.

சட்டியில் பார்த்தேன். இல்லை. கழுவுகிற தொட்டியில் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற மூன்று பேரும் மென்று சாப்பிடுகிறவர்கள். வாயில் கல் பட்டால் துப்பிவிடுவோம். அவளால் முடியாது. ஏன் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. வலது கால் போனது. வாயில் வலது பக்கம் மரத்துப்போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம். "போ." தண்ணி வேண்டும் என்றாலும் போ. போதும் என்றாலும் போ. என்னைக் கிட்டே கூப்பிடுவதும் போ தான். சத்தத்தை வைத்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

மச்சினன் முதல் தடவை அதைக் கேட்டபோது, "முன்னாடியும் அக்கா உங்கள இதான் மாமா சொல்லும். இப்ப மத்ததெல்லாம் கட் பண்ணிட்டு மெயின் பாயிண்ட மட்டும் வச்சிருக்கு" என்றான். அவள் சிரித்தாள். பாதி வாயால். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

இங்கே சிகந்தராபாத் ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குப் பழக்க ஒரு அம்மா வந்தார். தெலுங்கில் சொன்னார். சாப்பாடு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதாம். இவளுக்கு நடுவில் இருக்கிற கதவு சரியாக மூடவில்லையாம். தப்பான வழியில் போனால் நமக்கு இருமல் வரும். இவளுக்கு அதுகூட வராமல் போகலாம், சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்.

சத்தமில்லாமல் என்று அவர் சொன்னது என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையைப் பார்க்கிறேன். ஏற வேண்டும். இறங்க வேண்டும். இறங்கினால்தான் அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் ஈரத் துணியை விரலில் சுற்றி வலது கன்னத்துக்குள் துடைக்க வேண்டும். அங்கே சோறு ஒதுங்கி நின்றால் அவளுக்குத் தெரியாது. மூன்று வேளையும் இதுதான். மூன்று வேளையும் எனக்குப் பயம்தான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மிக்ஸியில் அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். பசை மாதிரி ஆகிவிடும், மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். துப்பிவிடுவாள். மத்தால் கடைந்தால் குழைவாகவும் இருக்கும், கரண்டியில் நிற்கவும் செய்யும். ஊட்டுவதும் மரக் கரண்டியால்தான். ஸ்டீல் ஸ்பூனை வாயில் வைத்தால் தாடை தானாக மூடிக் கடித்துக்கொள்ளும். பல்லில் இரும்பு படுகிற சத்தம் கேட்டால் எனக்கு முதுகு சில்லென்று ஆகும். மரம் என்றால் பல்லுக்கு நோகாது.

அப்படித்தான் நான் மரச் சாமான் பார்க்கிற ஆளானேன். மௌலா அலி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவன் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. இதெல்லாம் கைக்குத் தெரிய வந்ததுதான்.

கரண்டி வாங்கினால் முதலில் உதட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். விரலுக்குத் தெரியாத சிலாம்பு உதட்டுக்குத் தெரியும். பளபளப்பு ஏற்றியதை வாங்குவதில்லை. சூட்டில் உரிந்து சோற்றில் வரும். காம்பும் தலையும் ஒரே மரமாக இருக்க வேண்டும், ஒட்டு வைத்திருக்கக்கூடாது. மரத்தின் ரேகை காம்போடு நீளமாக ஓட வேண்டும். குறுக்கே ஓடுகிற இடத்தில் ஒருநாள் ஒடியும்.

வாங்கி வந்ததும் அரிசி கழுவின தண்ணியில் ஊற வைப்பேன். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவுவேன். சோப்பு போடுவதில்லை. மரம் சோப்பைக் குடிக்கும், குடித்ததை அடுத்த வேளை பருப்பில் விடும். உப்பும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் போதும். சொரசொரப்புத் தட்டினால் உப்புத்தாளால் தேய்ப்பேன். மறுபடி உதட்டில் இழுத்துப் பார்ப்பேன். என் உதட்டில் படாதது அவள் வாய்க்குள் போகாது.

கரண்டி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மத்துதான் பழையது. பல் மழுங்கிப் போய், கீரை நாரை விட்டுவிட்டது. நார் தொண்டையில் சுற்றினால் என்ன செய்வது. புதிது வாங்கலாம் என்று மச்சினனைக் கூட்டிக்கொண்டு சிகந்தராபாத் பஜாருக்குப் போனேன்.

இங்கே பருப்பு மத்தைப் பப்புகுத்தி என்பார்கள். கடைக்காரர் ஒரு கோணியிலிருந்து கொட்டினார். மச்சினன் ஒன்றை எடுத்து மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"செக், செக். இது ஓகே மாமா. லைட் வெயிட்டு."

"லேசா இருந்தா உளுத்த மரம் மாப்ள."

"அக்காவுக்குப் பருப்பு கடையவா, உங்களுக்குக் குஸ்திக்கா? எதுக்கு மாமா இவ்ளோ வெயிட்டு?"

"கனமா இருந்தாத்தான் மரம்."

நான் எடுத்தது கையில் கனத்தது. வெளுப்பு. முகர்ந்தேன், லேசாகப் புளித்த வாசனை. மூட்டை தூக்கினவனுக்குக் கனத்தின் மேல் ஒரு நம்பிக்கை. அந்தக் கனம் மரத்துடையதா, மரத்துக்குள் நிற்கிற தண்ணியுடையதா என்று யோசிக்கவில்லை. அது வெட்டி ரொம்ப நாள் ஆகாத பச்சை மரம்.

அது ஒன்று. இன்னொன்று வெயில்.

எனக்கு ஊர் கடலூர் பக்கம், கடலோரம். அங்கே காற்றே ஈரம். மரச் சாமானைக் கழுவி உள்ளே வைத்தால் மறுநாள் பூஞ்சை பூத்திருக்கும். அதனால் அகப்பை, மத்து, மணை எல்லாம் தினமும் வெயிலுக்குப் போகும். இங்கே வந்து பாதி ஆயுள் போய்விட்டது. கை இன்னும் அதையே செய்கிறது. அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் சிகந்தராபாத்துக்கு வந்த குடும்பம். நான் மத்தோடு மாடிப்படி ஏறினால் படியிலேயே பிடுங்கிவிடுவாள்.

"உன் ஊரு வெயில் இல்லய்யா இது. மரத்தைப் பொளந்துடும். நிழல்ல தொங்க விட்டுட்டுப் போ."

இப்போது பிடுங்க ஆள் இல்லை. மே மாதம். கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் பொத்துப்போகும். தினமும் புது மத்தைக் கொண்டுபோய் அந்தச் சுவர் மேல் வைத்தேன். மத்தோடு நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் "போ, போ" என்று சத்தம் போட்டாள். இடது கையால் நாற்காலியைத் தட்டினாள். காற்று வாங்க அவளையும் மாடிக்குத் தூக்கிப்போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "சாயங்காலம் போலாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

பச்சை மரம் அந்த வெயிலில் வெடிக்கும். ஆனால் தண்ணி பட்டால் மரம் ஊறி, வெடித்த கோடு மூடிக்கொள்ளும். நான் கழுவிவிட்டுத்தான் பார்த்தேன். ஈரத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இனி அன்று நடந்தது.

மத்தைக் கையில் வைத்துக்கொண்டே மகளிடம் கேட்டேன். "சாப்பிடறப்ப வாயில ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

"நோ. ஏமைந்தி அப்பா?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டால் தெலுங்கில்தான் கேட்பாள்.

மத்தைத் திருப்பிக் காட்டினேன்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "ஹவ், ஆமா மாமா, நான்தான் முழுங்கிட்டேன். ஃபைபர். உடம்புக்கு நல்லது." சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் அக்காவைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அக்காவுக்கு எவ்ளோ ஊட்டினீங்க?"

"கிண்ணம் பூரா."

அவன் எழுந்து நேராகத் தொட்டிக்கு அடியில் போய்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தான். மகள் குப்பைக் கூடையைப் பேப்பரில் கொட்டினாள். நான் மனைவி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அன்று கன்னத்தைத் துடைக்கவில்லை. மத்தில் கீரை காய்ந்துவிடும் என்று முதலில் அதைக் கழுவப் போனேன். கழுவிவிட்டு வந்து துடைக்கலாம் என்று.

"ஆ காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மகளைப் பார்த்தாள். எங்கள் முகத்தில் என்ன தெரிந்ததோ, தாடை இறுகிவிட்டது. விரலை வைத்தால் உதட்டைத் தாண்டிப் போக வழி இல்லை. மரக் கரண்டிக் காம்பை வைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. மூக்கால் மூச்சு விட்டாள். வேகமாக.

கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டுகிற மெஷின் வீட்டில் இருக்கிறது. மகள் அதைக் கொண்டுவந்து மாட்டினாள். தொண்ணூற்றாறு என்று காட்டியது. "நார்மல்தான் அப்பா" என்றாள். ஆனால் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் மனைவியின் மார்பில் காதை வைத்தேன். கொர் என்று ஒரு சத்தம். அது எப்போதும் இருக்கிற சத்தமா, இன்று வந்ததா, தெரியவில்லை. நோய் வந்த நாளிலிருந்து பக்கத்தில் படுத்துக் கேட்கிற மூச்சு. அன்று யாரோ தெரியாத ஆளின் மூச்சு மாதிரி இருந்தது.

"ஆட்டோ பிடி" என்றேன்.

மச்சினனும் நானும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். மகள் ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டாள். ஆட்டோவில் மனைவியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். சாய்ந்தால் ஆபத்து. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நெற்றியில் கை வைத்துத் தாங்கினேன். மச்சினன் டிரைவரிடம் "தீரே பாய், தீரே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்த டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். பாவம். மச்சினன் சொல்வதை நிறுத்தவில்லை. அவள் இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. மரத் துண்டு உள்ளே எங்கே இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ஒரு படி கீழே இறங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். மார்பில், முதுகில் வைத்துக் கேட்டார். தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றார். எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். மகள் தெலுங்கில் சொன்னாள். அவர் தலையாட்டினார். எடுக்கலாம், ஆனால் மரம் எக்ஸ்ரேயில் தெரியாது. இரும்பு தெரியும். எலும்பு தெரியும். மரம் தெரியாது.

அவ்வளவு நாளும் மரம்தான் அவளுக்கு நல்லது என்று இருந்தேன். ஸ்டீலாக இருந்திருந்தால் இப்போது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். அவர் கையில் இரும்புக் கருவி. பல்லில் அது பட்டதும் இன்னும் இறுக்கிக் கடித்தாள். நர்ஸ் தாடையைப் பிடித்தார். அவள் கண்ணில் தண்ணி வந்தது.

"நான் பாக்கிறேன்" என்றேன்.

கையுறை கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் போனேன். "போ" என்றாள், மெதுவாக. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கிட்டே வா என்கிற போ.

அவள் காதில் சொன்னேன். "மத்தை வெயில்ல வச்சேன். பொளந்துடுச்சு. அதைத்தான் நீ சொன்ன. எனக்குப் புரியல."

என்னையே பார்த்தாள். பிறகு தாடை தளர்ந்தது.

விரலை வலது கன்னத்துக்குள் விட்டேன். கீரை ஒதுங்கியிருந்தது. அதை வழித்தேன். இன்னும் உள்ளே, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில், கெட்டியாக ஒன்று தட்டியது. அதை நகத்தால் முன்னால் தள்ளும்போது தாடை மூடிக்கொண்டது. கடித்துவிட்டாள். நான் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அது பின்னால் போய்விடும். அவள் விடும்வரை நின்றேன். விட்டதும் வெளியே எடுத்தேன்.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு மரம். கீரையில் ஊறிப் பச்சையாக இருந்தது.

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மச்சினன் மத்தை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"பொருத்திப் பாருங்க மாமா."

துண்டைத் துடைத்துப் பல்லில் வைத்தேன். பொருந்தியது. ரேகைகூடச் சேர்ந்தது. நுனியில் மட்டும் ஒரு இடைவெளி. ஒரு பக்கம் திருப்பினால் தெரியாது, இன்னொரு பக்கம் திருப்பினால் தெரியும். துவரம்பருப்பில் பாதி இருக்கும்.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். மகள் செல்லில் படம் எடுத்துப் பெரிதாக்கினாள். இல்லை. அந்த நுனி இல்லை.

டாக்டர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். கழுவும்போது தொட்டியில் போயிருக்கலாம். வயிற்றுக்குப் போயிருக்கலாம், போனால் தானாக வெளியே வந்துவிடும். மூச்சு வழியில் போயிருந்தால்தான் கஷ்டம். குழாய் விட்டுப் பார்க்க மயக்கம் கொடுக்க வேண்டும். இவள் இருக்கிற நிலையில் சந்தேகத்துக்காக அதைச் செய்ய அவருக்கு மனசில்லை. காய்ச்சல் வருகிறதா பார்க்க வேண்டும். மூச்சில் கெட்ட வாடை வருகிறதா பார்க்க வேண்டும். அந்த மெஷினில் தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

"எத்தனை நாள் பாக்கணும்னு கேளு" என்றேன்.

கேட்டாள். டாக்டர் கையை விரித்தார். மரம் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டும் வேலையைக் காட்டும் என்றார்.

வெளியே வராந்தாவில் மச்சினன் டீ வாங்கி வந்தான். "சிங்க்லதான் மாமா போயிருக்கும். பாதி பருப்பு சைஸ். டென்ஷன் நக்கோ, வேணாம்."

"லேசானத வாங்கச் சொல்லி நீ சொன்ன. நான் கேக்கல."

"நான் மைக்கு பிடிக்க நல்லா இருக்குன்னு சொன்னேன் மாமா. அதப்போய் யார் கேப்பாங்க."

இரண்டு பேரும் டீயைக் குடிக்கவில்லை. ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து, குழாயிலிருந்து மச்சினன் பிடித்து வைத்திருந்த தண்ணியை டீ வடிகட்டியில் ஊற்றினேன். கீரைத் தண்டு வந்தது. கடுகு வந்தது. ஒரு பொத்தான் வந்தது. மரம் வரவில்லை. குப்பையைக் கையால் பிரித்தேன். சட்டியின் அடியைச் சுரண்டினேன். தரையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியை உதறிப் பார்த்தேன். இல்லை.

மகள் ஸ்டீல் மசிப்பான் ஒன்று வாங்கி வந்தாள். பருப்பு கட்டி கட்டியாக நிற்கிறது. பழைய மத்தையே எடுத்தேன். நார் வருகிற கீரையை நிறுத்திவிட்டேன். பருப்பும் பூசணியும்தான், வெண்ணெய் மாதிரி ஆகும்வரை கடைகிறேன். கடைவதற்கு முன்னால் மத்தைக் காய்ந்த நிலையில் பார்க்கிறேன். கோடு இருந்தால் அப்போதுதான் தெரியும். கடைந்த பிறகு ஒவ்வொரு பல்லின் நுனியையும் தடவிப் பார்க்கிறேன். அவள் கன்னத்தைத் துடைத்த பிறகுதான் எதையும் கழுவப் போகிறேன். கழுவியதும் கூடத்து ஆணியில், நிழலில், அவள் கண்ணுக்கு நேரே தொங்க விடுகிறேன். அவள் அதைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். போ என்று சொல்வதில்லை.

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. இருமல் இல்லை என்பதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை. மச்சினன் இப்போது ஞாயிறு மட்டும் இல்லை, நடுவிலும் வருகிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவைக் கேலி பண்ண ஆரம்பிப்பான், கண் மட்டும் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மகள் வேலையிலிருந்து போன் பண்ணினால் முதலில் சாப்டியா என்று கேட்பாள். இப்போது அதைக் கேட்பதில்லை. "நம்பர் சொல்லுப்பா" என்கிறாள்.

காலையும் மாலையும் மாட்டுகிறேன். சிவப்பு எழுத்து மேலும் கீழும் ஓடும். நிற்கும்வரை நானும் மூச்சு விடுவதில்லை. இத்தனை நாளும் தொண்ணூற்றாறில் நின்றது. இன்று காலை அங்கே நிற்காமல் கீழே இறங்கியது. விரல் சில்லென்று இருந்தால் குறைத்துக் காட்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் விரலை என் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தேன். சூடு வந்ததும் மறுபடி மாட்டினேன்.

தொண்ணூற்றைந்து.